கண்ணாடி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்: சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும்

சேலம் செவ்வாப்பேட்டையில் அப்பா வைத்திருந்த கண்ணாடிக் கடையில்தான் நான் வளர்ந்தேன். இப்போது முன்பக்கம் ஜன்னல், கதவு, முகம் பார்க்கும் கண்ணாடி என்று வழக்கமான வியாபாரம் நடக்கிறது. பின்கட்டில் நான் வண்ணக் கண்ணாடி வேலை செய்கிறேன். ஃபேர்லேண்ட்ஸில் புது வீடு கட்டுகிறவர்களும் ஏற்காட்டில் பழைய பங்களாவைப் புதுப்பிக்கிறவர்களும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்லியிருக்கிறேன்.

வருகிறவர்கள் "எந்தக் கண்ணாடி போடலாம்" என்று ஆரம்பிப்பார்கள். "ஜன்னல் எந்தத் திசையைப் பார்க்குது" என்று நான் திருப்பிக் கேட்பேன். திசையும் வெளிச்சமும் தெரிந்த பிறகுதான் கண்ணாடியைப் பற்றிப் பேச முடியும்.

1. கண்ணாடி மணல்லதான் செய்யறாங்களாக்கா? ஆத்து மணலா?

மணல்தான். ஆனால் ஆற்று மணல் அப்படியே ஆகாது. சிலிக்கா அதிகமுள்ள வெள்ளை மணல் வேண்டும். ஜன்னல் கண்ணாடியில் சிலிக்கா மட்டும் 70 சதவீதத்துக்கு மேல் இருக்கும். மணல் தனியாக உருக 1,700 டிகிரி வேண்டும் என்பதால் சோடா உப்பைச் சேர்த்து அந்தச் சூட்டைக் குறைக்கிறார்கள். சோடா மட்டும் சேர்த்தால் கண்ணாடி தண்ணீரில் கரையும். அதைத் தடுக்கச் சுண்ணாம்புக்கல்லும் டோலமைட்டும் சேர்கின்றன.

இதில் நம் ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஏற்காடு அடிவாரத்துக்குப் போகும் வழியில் வெளுத்துக் கிடக்கும் கரடுகளில் மேக்னசைட் எடுக்கிறார்களே, அதைச் சுட்டுத்தான் அதிகச் சூடு தாங்கும் தீச்செங்கல் செய்கிறார்கள். கண்ணாடி உலைகளில் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் அறைகளுக்கு மேக்னீசியா செங்கல்தான் போடுவார்கள்.

2. எங்க தாத்தா வீட்டு ஜன்னல்ல பார்த்தா வெளிய இருக்கற மரம் நெளியுது. புதுக் கண்ணாடில அப்படி இல்லையே?

உங்கள் தாத்தா வீட்டுக் கண்ணாடி ஊதியோ இழுத்தோ செய்தது. இப்போது கடையில் கிடைப்பது ஃப்ளோட் கண்ணாடி. உருகிய தகரத்தை ஒரு தொட்டியில் நிரப்பி, அதன்மேல் உருகிய கண்ணாடியை ஊற்றினால், எண்ணெய் தண்ணீர் மேல் பரவுவது போல அது தானாகவே சமமாகப் பரவிவிடும். மெருகேற்றும் வேலையே இல்லை. அலஸ்டர் பில்கிங்டன் என்ற இங்கிலாந்துப் பொறியாளர் ஏழெட்டு வருடம் போராடிச் சாதித்தது இது; 1959-ல் வெளியுலகுக்கு அறிவித்தார்கள். நம் பக்கம் ஸ்ரீபெரும்புதூரில் செய்வதும் இதே முறைதான்.

நெளிகிற பழைய கண்ணாடி முழுசாக இருந்தால் தயவுசெய்து கழற்றி எறியாதீர்கள். காலை வெயில் அதன் வழியே வந்து சுவரில் விழும்போது அலை அலையாக ஒரு ஒளி ஆடும். அதைத் திரும்ப வாங்க முடியாது.

3. அந்தப் பழைய கண்ணாடி அடியில தடியா இருக்கே, கண்ணாடி ஒரு திரவம், மெதுவா வழியுதுன்னு காலேஜ்ல சொன்னாங்களே?

பலருக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், ஆனால் சரியில்லை. கண்ணாடியின் அணுக்கள் திரவத்தில் இருப்பதுபோல் ஒழுங்கில்லாமல் இருக்கின்றன என்பது உண்மை. ஆனால் வீட்டுச் சூட்டில் அது வழிந்து நம் கண்ணுக்குத் தெரிய, பிரபஞ்சத்தின் வயதே போதாது. ஊதிச் சுழற்றிச் செய்த தகட்டில் ஒரு பக்கம் தடிப்பாகவும் ஒரு பக்கம் மெல்லிசாகவும் வரும். பொருத்துகிற ஆள் கனமான பக்கத்தைக் கீழே வைத்தார், அவ்வளவுதான். தலைகீழாக வைத்தவையும் உண்டு.

4. சாதா, டஃபன்டு, லேமினேட்டட்னு சொல்றீங்க. எங்க எது போடணும்?

இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். பின்னால் பல பதில்களில் இந்த இடத்துக்குத் திரும்பச் சொல்வேன். சாதாக் கண்ணாடி உடைந்தால் கத்தி போலத் துண்டாகும். டஃபன்டு என்பது அதே கண்ணாடியை 620 டிகிரிக்கு மேல் சூடாக்கி, இரண்டு பக்கமும் காற்றை வேகமாக அடித்துக் குளிர்விப்பது. வெளிப்பக்கம் முதலில் இறுகிவிடும். உள்ளே பிறகு ஆறும்போது அது வெளிப்பக்கத்தை இழுத்து அழுத்தும். அந்த அழுத்தத்தால் சாதாவைவிட நாலு மடங்குக்கு மேல் பலம் வரும். உடைந்தால் கற்கண்டு போலப் பொடித்துண்டாகும். பாத்ரூம் தடுப்பு, கண்ணாடிக் கதவு, ஆள் மோதக்கூடிய தாழ்வான ஜன்னல் எல்லாவற்றுக்கும் இதுதான். ஓரத்தில் ஐ.எஸ். 2553 என்ற இந்தியத் தர முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

லேமினேட்டட் என்பது இரண்டு கண்ணாடிக்கு நடுவில் பி.வி.பி. என்ற பிளாஸ்டிக் தாளை வைத்துச் சூட்டிலும் அழுத்தத்திலும் ஒட்டுவது. உடைந்தாலும் துண்டுகள் தாளிலேயே ஒட்டி நிற்கும், கீழே விழாது. 1903-ல் பாரிஸில் எடுவார் பெனெடிக்டஸ் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் ஒரு கண்ணாடிக் குடுவை கீழே விழுந்து, உடைந்தும் சிதறாமல் கிடந்தது. உள்ளே காய்ந்துபோன செல்லுலோஸ் நைட்ரேட் படலம்தான் பிடித்து வைத்திருந்தது. அதிலிருந்து வந்ததுதான் கார் முன்கண்ணாடி வரை எல்லாமே.

தலைக்கு மேல் வரும் கண்ணாடிக்கும், காலுக்குக் கீழ் வருவதற்கும், மாடி கைப்பிடிச் சுவருக்கும் லேமினேட்டட் இல்லாமல் போடவே கூடாது. இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. "வெறும் டஃபன்டு போதும், விலை குறையுமே" என்று கேட்டவர்களிடம் ஆர்டரே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். மாடி கைப்பிடியில் டஃபன்டு பொடிந்து விழுந்தால், அடுத்த நிமிடம் குழந்தைக்கு முன்னால் ஒன்றுமே இருக்காது.

5. டஃபன்டு யாரும் தொடாமலே வெடிக்குமாமே, நிஜமா?

அபூர்வமாக நடக்கும். உருக்கும்போது நிக்கல் சல்ஃபைட் என்ற மிகச் சின்னத் துகள் உள்ளே மாட்டிக்கொண்டால், அது மாதங்களோ வருடங்களோ கழித்து மெல்லப் பெரிதாகும். ஒரு நாள் மொத்தமும் பொடியும். பெரிய வேலைகளுக்கு முன்கூட்டியே 290 டிகிரி அளவில் சூட்டில் வைத்துச் சோதிப்பார்கள். உடைய வேண்டியது அங்கேயே உடைந்துவிடும். வீட்டில் நடப்பதற்குப் பெரும்பாலும் காரணம் வேறு: ஓரத்தில் பட்ட அடி, அல்லது இரும்புச் சட்டம் நேராகக் கண்ணாடியைத் தொடுவது. டஃபன்டின் பலவீனம் அதன் ஓரத்தில் இருக்கிறது.

6. அரை இஞ்ச் பெரிசா வந்துடுச்சுக்கா, கொஞ்சம் வெட்டிக் குடுங்களேன்.

டஃபன்டு என்றால் முடியாது. வெட்டினால் மொத்தமும் பொடியாகும். ஓட்டை, வெட்டு, ஓர மெருகு எல்லாம் உலைக்குப் போகும் முன்பே முடிய வேண்டும். அதனால்தான் டைல்ஸ் ஒட்டி முடித்த பிறகு அளவெடுக்க வருகிறோம்.

7. வெள்ளைக் கண்ணாடின்னு சொல்லிக் குடுத்தீங்க, ஓரம் பச்சையா இருக்கே?

மணலில் இருக்கும் துளி இரும்பின் நிறம் அது. நேராகப் பார்த்தால் தெரியாது, கனம் கூடக் கூடத் தெரியும். இரும்பு குறைந்த மணலில் செய்யும் 'எக்ஸ்ட்ரா கிளியர்' ரகமும் உண்டு, விலை அதிகம். பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகத்தின் முன் கட்டடக் கலைஞர் ஐ.எம்.பெய் 1989-ல் கட்டிய கண்ணாடிப் பிரமிடுக்கு, பின்னால் இருக்கும் பழைய அரண்மனைக் கல் பச்சையடிக்கக் கூடாது என்று தனியாகவே அப்படிக் கண்ணாடி செய்யவைத்தார். உங்கள் ஷோகேஸுக்கு அது தேவையா என்று கேட்டால், தேவையில்லை. ஓவியமோ பட்டோ வைக்கிற பெட்டி என்றால் யோசிக்கலாம்.

8. ஏற்காட்டுல ஒரு இடம் வாங்கியிருக்கோம். நாலு பக்கமும் கண்ணாடி வெச்சு வீடு, மேகம் உள்ள வர்ற மாதிரி. பண்ணலாமா?

இந்த ஆசை எனக்குப் புரியும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, லேடீஸ் சீட்டில் நின்று கீழே சேலத்து விளக்குகளைப் பார்த்தவர்கள் எல்லாருக்கும் வருகிற ஆசை. இதை முன்பே செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஃபிலிப் ஜான்சன் என்ற கட்டடக் கலைஞர் 1949-ல் தனக்கே ஒரு கண்ணாடி வீடு கட்டிக்கொண்டார். மீஸ் வான் டெர் ரோ, எடித் ஃபான்ஸ்வர்த் என்ற டாக்டருக்காக 1951-ல் ஒன்று கட்டி முடித்தார். இரண்டுமே கட்டடக்கலையில் பேர்பெற்றவை. ஆனால் அந்த டாக்டருக்கு அங்கே இருப்பு கொள்ளவில்லை. கோடையில் புழுக்கம், குளிரில் கண்ணாடியெல்லாம் ஈரம், ராத்திரி விளக்குப் போட்டால் பூச்சிகள், எந்நேரமும் யாரோ பார்ப்பது போன்ற உணர்வு. கட்டியவருக்கும் அவருக்கும் கோர்ட் வரை போனது.

ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழியில் அறைக்குள் நாலு பேர் மூச்சு விட்டாலே ஒற்றைக் கண்ணாடியில் தண்ணீர் வழியும். அப்புறம் ராத்திரி. உள்ளே விளக்கு, வெளியே இருட்டு என்றால் கண்ணாடி முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடும். மேகத்தைப் பார்க்கக் கட்டிய சுவரில் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பீர்கள். வெளியே இருப்பவருக்கு நீங்கள் முழுசாகத் தெரிவீர்கள்.

நான் சொல்வது இதுதான்: பள்ளத்தாக்கைப் பார்க்கும் ஒரு பக்கம் மட்டும் பெரிய கண்ணாடி வையுங்கள். மற்ற மூன்று பக்கமும் கல்லோ செங்கல்லோ இருக்கட்டும். ராத்திரி இழுத்துவிடக் கனமான திரைக்கு இப்போதே இடம் விடுங்கள். சாய்ந்து உட்காரச் சுவர் இருந்தால்தான் மேகம் வருவதை ஆற அமர ரசிக்க முடியும்.

9. சரி, அதையே சேலத்துல பண்ணா?

மேற்குப் பார்த்த சுவரில் வேண்டவே வேண்டாம். சேலத்தில் மதியச் சூரியன் வருடத்தில் இரண்டு முறை, ஏப்ரல் 20-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 22-ஐ ஒட்டியும், நேர் உச்சியில் நிற்கும். உச்சி வெயிலைச் சின்ன சன்ஷேடு தடுத்துவிடும். ஆனால் சாயங்காலம் நாலு மணி வெயில் சாய்ந்து நேராக உள்ளே வருகிறதே, அதை எந்த சன்ஷேடும் தடுக்காது. வெளிச்சம் கண்ணாடிக்குள் புகுந்து தரையையும் சோபாவையும் சூடாக்கும். அவை திருப்பி விடும் வெப்பம் கண்ணாடியைத் தாண்டி வெளியே போகாது. வெயிலில் நிறுத்திய கார் எப்படி இருக்கும், அதுதான்.

வடக்குப் பக்கம் தாராளமாகப் போடலாம். தெற்கில் இரண்டடி சன்ஷேடு வைத்துப் போடலாம். மேற்கில் போட்டே ஆகவேண்டும் என்றால், வெளிப்பக்கம் மரமோ ஓட்டை ஓட்டையான ஜாலிச் சுவரோ மூங்கில் தட்டியோ இருக்கட்டும்; வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்த வேண்டும், உள்ளே திரை போட்டால் சூடு ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்டது. வெப்பத்தைத் திருப்பும் பூச்சுள்ள சோலார் கன்ட்ரோல் கண்ணாடி ஓரளவு உதவும், நிழலுக்கு ஈடாகாது. பெரிய வணிகக் கட்டடங்களுக்கே மின்சேமிப்புக் கட்டட விதிகள் சுவரில் 40 சதவீதத்துக்கு மேல் கண்ணாடி வேண்டாம் என்றுதான் பொதுக்கணக்கு வைத்திருக்கின்றன.

10. ரிஃப்ளெக்டிவ் கண்ணாடி போட்டா வெளியிலருந்து உள்ள தெரியாதுல்ல?

பகலில் தெரியாது. ராத்திரி விளக்குப் போட்டதும் 8-ஆம் பதிலில் சொன்ன கதைதான்: வெளிச்சம் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் தெரியும். திரை கட்டாயம்.

11. எதிர்க் கட்டடத்துக் கண்ணாடியிலருந்து வெயில் எங்க வீட்டுக்குள்ள அடிக்குது. இதுக்கு என்ன பண்றது?

உங்கள் குறை நியாயமானது. லண்டனில் 2013-ல், வளைந்த முகப்புள்ள ஓர் உயரமான கட்டடம் வெயிலைக் குவித்து அடித்ததில், தெருவில் நின்ற காரின் பாகங்கள் உருகின. பிறகு முகப்பில் நிழல் பலகைகள் பொருத்தினார்கள். உங்கள் எதிர்வீட்டில் இருப்பது தட்டையான கண்ணாடி என்பதால் உருக்காது, ஆனால் இன்னொரு சூரியன் போலக் கண்ணைக் கூசும். எந்த மாதத்தில், எத்தனை மணிக்கு வருகிறது என்று படத்தோடு குறித்து வைத்துப் பேசுங்கள். அவர்கள் பக்கம் மேட் ஃபிலிம் ஒட்டினால் தீரும். உங்கள் பக்கம் ஒரு வேப்பங்கன்று வைத்தால் நாலைந்து வருடத்தில் தீரும்.

12. வீடு இருட்டா இருக்கு. ஜன்னல் வைக்க இடமே இல்லை.

பழைய ஓட்டு வீடுகளில் நடுவில் ஒன்றிரண்டு கண்ணாடி ஓடு வைப்பார்களே, அதைவிடக் கெட்டிக்காரத்தனமான கண்ணாடி வேலையை நான் அதிகம் பார்த்ததில்லை. ஒரே ஒரு ஓடு, அடுப்படி முழுக்க வெளிச்சம். தரையில் அந்த வெயில் கட்டம் நகர்வதைப் பார்த்தே என் பாட்டி மணி சொல்வார். கான்கிரீட் தளத்தில் அதே வேலையை இரண்டுக்கு இரண்டு அடி திறப்பும் லேமினேட்டட் கண்ணாடியும் செய்யும். கிணற்று வாய் போலச் சுற்றிலும் ஆறு அங்குலம் உயர்த்திக் கட்டி, கண்ணாடியைச் சற்றுச் சாய்த்து வையுங்கள், மழைத்தண்ணீர் நிற்காது.

புதுச்சேரி பக்கம் ஆரோவில்லில் இருக்கும் மாத்ரிமந்திர் தியான அறைக்கு ஜன்னலே கிடையாது. மேலிருந்து கண்ணாடிகள் வழியே இறக்கும் ஒரே ஒரு சூரியக் கதிர், 70 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு படிகக் கண்ணாடிக் கோளத்தின் மேல் விழுகிறது. அந்தப் பெரிய அறைக்குப் பகலில் அதுவே விளக்கு.

பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டி நிற்கிறது என்றால் கண்ணாடிச் செங்கல் வைக்கலாம். வெளிச்சம் வரும், ஆள் தெரியாது. பாரிஸில் பியர் ஷரோ 1932-ல் முடித்த ஒரு டாக்டர் வீட்டின் முகப்பு முழுக்கவே இந்தச் செங்கல்தான். ஆனால் அது சுமை தாங்காது. மேலே லின்டல் வேண்டும்.

13. ஸ்டெயின்ட் கிளாஸ்னா கண்ணாடி மேல பெயின்ட் அடிக்கறதுதானே?

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிடுவேன். நல்ல வண்ணக் கண்ணாடியில் நிறம் உருக்கும்போதே கலந்தது. கோபால்ட் சேர்த்தால் நீலம், மாங்கனீஸ் சேர்த்தால் ஊதா, துளித் தங்கம் சேர்த்தால் ரோஜாச் சிவப்பு. வெள்ளி உப்பைப் பூசிச் சூடாக்கினால் மஞ்சள் ஏறும். அதிலிருந்துதான் 'ஸ்டெயின்' என்ற பெயரே பொருந்தியது. முகம், துணி மடிப்பு போன்ற நுணுக்கங்களை மட்டும் கருப்புச் சாயத்தால் வரைந்து சுடுவார்கள். ஆகவே சூரியனில் வருடக்கணக்கில் நின்றாலும் மங்காது. கடைகளில் ஒட்டித்தரும் வண்ணப் பிலிம் நாலைந்து வருடத்தில் வெளுக்கும். இரண்டையும் ஒரே பெயரில் விற்பதுதான் எனக்கு வருத்தம்.

துண்டுகளைச் சேர்ப்பதில் இரண்டு முறை. பழையது, 'எச்' வடிவ ஈயப் பட்டையில் செருகிப் பற்றவைப்பது. பாரிஸில் 1248-ல் திறந்த சாந்த் ஷப்பேல் தேவாலயத்தின் 15 ஜன்னல்களில் 1,113 காட்சிகள் இப்படித்தான் நிற்கின்றன. இரண்டாவது, ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் செப்புத் தாள் சுற்றி ஈயம் வைப்பது. நியூயார்க்கில் லூயிஸ் டிஃப்பனியின் பட்டறை விளக்குகள் இந்த முறையில் வந்து உலகப் புகழ் பெற்றன. அந்த விளக்குகளில் பலவற்றை வடிவமைத்தவர் அங்கே பெண்கள் பிரிவை நடத்திய கிளாரா டிரிஸ்கால் என்பது அவருடைய கடிதங்கள் கிடைத்த பிறகுதான் வெளியே தெரிந்தது. நூறு வருடம் அந்தப் பெயர் மறைந்து கிடந்ததை நினைத்தால் இன்றும் மனசு கேட்பதில்லை.

எங்கே வைப்பது? கிழக்கில் வைத்தால் காலையில் ஒரு மணி நேரம் தரை முழுக்கக் கோலம் போட்டது போல நிறம் விழும். வடக்கில் வைத்தால் நிறம் தரையில் விழாது, ஆனால் நாள் முழுக்கக் கண்ணாடியிலேயே அமைதியாக ஒளிரும். பூஜை அறைக் கதவுக்குப் பின்னால் சுவர்தான் இருக்கிறது என்றால் வண்ணக் கண்ணாடி கருப்பாகத்தான் தெரியும். அங்கே வேண்டாம்.

14. செட்டிநாட்டுப் பக்கம் வாங்கின பழைய ராமர் பட்டாபிஷேகம் படம், கண்ணாடியிலேயே வரைஞ்சிருக்கு. அழுக்கா இருக்கு, தொடச்சுடலாமா?

முன்பக்கம் மட்டும், காய்ந்த மெல்லிய துணியால் துடையுங்கள். பின்பக்கம் கையே வைக்காதீர்கள். படம் வரைந்திருப்பது கண்ணாடியின் பின்புறம். சாதாரண ஓவியத்துக்கு நேர்மாறாக, முதலில் கண் புருவம், நகைக் கோடு, அப்புறம் உடல் நிறம், கடைசியில்தான் பின்னணி. கண்ணைத் தப்பாக வரைந்துவிட்டால் திருத்த வழியே இல்லை. சீனத்திலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வந்த இந்தக் கலையைத் தஞ்சாவூர்க்காரர்கள் தங்களுடையதாகவே ஆக்கிக்கொண்டார்கள். பின்னால் நிறம் உரிந்திருந்தால் பழம்பொருள் சீர்செய்யத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். சுவரின் ஈரம் படாமல் இரண்டு கார்க் துண்டு வைத்துத் தள்ளி மாட்டுங்கள்.

15. ரசம் போன கண்ணாடிக்கு திரும்ப ரசம் பூச முடியுமா?

ரசம் என்ற சொல்லே பழைய முறையைச் சொல்கிறது: தகரமும் பாதரசமும் கலந்து பூசிய காலம். 1835-ல் லீபிக் என்ற ஜெர்மன் வேதியியலாளர் வெள்ளி நைட்ரேட்டிலிருந்து வெள்ளியை மெல்லிய படலமாகக் கண்ணாடியில் படியவைக்கும் வழியைக் கண்டுபிடித்தார். இன்றும் பெரும்பாலும் வெள்ளிதான். கொலுசுக்குப் பேர்போன செவ்வாப்பேட்டையில் உட்கார்ந்து இதைச் சொல்வதில் எனக்கு ஒரு சந்தோஷம்: உங்கள் முகத்தைக் காட்டுவதும் வெள்ளியேதான். திரும்பப் பூசலாம், ஆனால் புதுசு வாங்குவதைவிடச் செலவு. பழைய பெல்ஜியம் கண்ணாடி என்றால் புள்ளி விழுந்தபடியே வைத்துக்கொள்ளுங்கள்.

கேரளத்து ஆறன்முளைக் கண்ணாடியும் இப்படியா என்று சிலர் கேட்பார்கள். அது கண்ணாடியே அல்ல, மெருகேற்றிய செம்பு-வெள்ளீயக் கலவை.

16. காலி பாட்டில் நிறைய சேர்ந்திருக்கு. சுவர் கட்டலாமாம், யூடியூப்ல பார்த்தேன்.

கட்டலாம், அழகாகவும் இருக்கும். தாய்லாந்தில் சீசக்கேட் பகுதி பிக்குகள் 1984-லிருந்து பாட்டில் சேகரித்து, 15 லட்சம் பாட்டிலில் ஒரு கோயிலே கட்டியிருக்கிறார்கள். 1963-ல் ஹைனெக்கன் பீர் கம்பெனி, குடித்து முடித்ததும் செங்கல்லாகப் பயன்படும் சதுர பாட்டிலையே செய்து பார்த்தது, பரவவில்லை. கேரளத்தில் லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர் சுவரில் வண்ண பாட்டில்களைப் பதித்து வெளிச்சம் கொண்டுவந்தார்.

இரண்டு பாட்டிலின் அடிப்பாகத்தை வெட்டி எடுத்து, வெட்டிய பக்கங்களை எதிரெதிராகச் சேர்த்து டேப் சுற்றி ஒட்டினால், இரண்டு பக்கமும் கண்ணாடி வட்டம் தெரியும். நன்றாகக் கழுவிக் காயவைத்த பிறகே ஒட்டுங்கள். உள்ளே ஈரம் மாட்டினால் என்றைக்கும் பனி பூத்தே இருக்கும். பாட்டிலுக்கும் பாட்டிலுக்கும் நடுவில் இரண்டு விரல் அளவு கலவை விடுங்கள். 12-ல் கண்ணாடிச் செங்கல்லுக்குச் சொன்னதே இதற்கும்: மேல் சுமை இதன்மேல் இறங்கக் கூடாது.

17. உடைஞ்ச ஜன்னல் கண்ணாடியும் பச்சை பாட்டிலும் சேர்த்து உலையில உருக்கித் தட்டு செய்யலாமா?

நான் செய்து பார்த்தேன். 2 மணி நேரம் கழித்து வெளியே எடுத்தபோது அவ்வளவு அழகு. ராத்திரி பதினொன்றரைக்கு 'டப்' என்று ஒரு சத்தம். காலையில் பார்த்தால் நடுவில் பிளந்து கிடந்தது. ஒவ்வொரு கண்ணாடியும் சூட்டில் ஒவ்வொரு அளவு விரியும், ஆறும்போது அதே கணக்கில் சுருங்கும். இரண்டு வேறு கண்ணாடி ஒட்டிக்கொண்டால் ஒன்றை ஒன்று இழுத்துப் பிளக்கும். கலைக்கென்று விற்கும் கண்ணாடித் தகடுகளில் இந்த விரிவெண் எழுதியிருப்பது அதனால்தான்.

ஒரே தகட்டிலிருந்து வந்த துண்டுகளை மட்டும் சேருங்கள். உருகிய பிறகு 550 டிகிரியை ஒட்டிய சூட்டில் நிறுத்தி, அப்புறம் மிக மெதுவாக, ராத்திரி முழுக்க ஆறவிடுங்கள். நான் இரண்டு தப்பையும் ஒரே நாளில் செய்திருந்தேன். உலையை அவசரமாகத் திறந்தது இரண்டாவது.

18. கண்ணாடி ஊதறதெல்லாம் வெளிநாட்டுக் கலைதானே, நமக்கு ஏது?

புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 2,000 வருடங்களுக்கு முன்பே கண்ணாடி மணி செய்தார்கள். உருகிய கண்ணாடியைக் குழாயாக நீட்டி இழுத்து, சின்னச் சின்னதாக நறுக்கி, மறுபடி சூடாக்கி முனை மழுக்குவார்கள். அந்த வகை மணிகள் தென்கிழக்காசியா முழுக்கப் பரவிக் கிடக்கின்றன. ஆந்திராவின் பாப்பநாயுடுபேட்டையில் அதே முறை நம் காலம் வரை நடந்து வந்திருக்கிறது. வளையலுக்கு ஃபிரோசாபாத் இருக்கிறது.

வெளிநாட்டிலும் தனி ஆள் தன் பட்டறையில் கண்ணாடி ஊதுவது சமீபத்திய விஷயம்தான். 1962-ல் ஹார்வி லிட்டில்டன் அமெரிக்காவின் டொலீடோவில் ஒரு சின்ன உலை வைத்துக் கற்றுக்கொடுக்கும் வரை, அது தொழிற்சாலை வேலையாகவே இருந்தது. அவரிடம் படித்த டேல் சிஹூலி 1976-ல் விபத்தில் ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். 1979-ல் தோளிலும் அடிபட்ட பிறகு குழலைக் கையில் எடுப்பதை விட்டு, ஒரு குழுவை வைத்துத் தோட்டம் முழுக்கப் பரவும் சிற்பங்களைச் செய்தார்.

19. கன்னியாகுமரி கண்ணாடிப் பாலம் மாதிரி எங்க ரிசார்ட்ல பள்ளத்து மேல ஒண்ணு வைக்கணும். தாங்குமா?

விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவில் 2024 டிசம்பரில் திறந்த பாலம் 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். அங்கே பாரத்தைத் தாங்குவது இரும்பு வளைவு. கண்ணாடி நாம் மிதிக்கிற தளம் மட்டுமே. அந்தத் தளம் பல அடுக்கு லேமினேட்டட். 4-ல் சொன்ன காரணம்தான்: ஓர் அடுக்கு உடைந்தாலும் மீதி அடுக்குகள் ஆளைத் தாங்கும்படி கணக்குப் போடுவார்கள்.

கடையில் கேட்டு முடிவு செய்கிற வேலை இல்லை இது. கட்டமைப்புப் பொறியாளரின் கையெழுத்தும் மண் பரிசோதனையும் இல்லாமல் நான் கண்ணாடி தரமாட்டேன். ஏற்காட்டு மழையில் வழுக்காமல் இருக்க மேல்பரப்பில் சொரசொரப்பான புள்ளிகளும் வேண்டும்.

20. டபுள் கிளாஸ் போட்டா குளிராதாமே. சென்னையில செஞ்சு ஏற்காட்டுக்கு ஏத்திடலாமா?

மலை ஏறும்போது சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அதேதான் இங்கும் நடக்கும். இரண்டு கண்ணாடிக்கு நடுவில் காற்றை வைத்து ஓரத்தை இறுக்க மூடியிருக்கிறார்கள். சேலத்தைவிட ஏற்காட்டில் காற்றழுத்தம் சுமார் 13 சதவீதம் குறைவு; சென்னையோடு ஒப்பிட்டால் இன்னும் அதிக வித்தியாசம். உள்ளே இருக்கும் காற்று கண்ணாடியை வெளிப்பக்கம் தள்ளும். பெரிய தகடு கொஞ்சம் வளைந்து கொடுக்கும், அதில் தெரியும் பிம்பம் கோணும். சின்னத் தகடு வளையாது என்பதால் அழுத்தம் முழுக்க ஓர ஒட்டில் இறங்கும். ஒட்டு விட்டதும் நடுவில் பனி பிடிக்கும், அதை யாராலும் துடைக்க முடியாது.

ஆர்டர் கொடுக்கும்போதே எந்த உயரத்தில் பொருத்தப்போகிறோம் என்று எழுதிக் கொடுங்கள். மெல்லிய சமன்குழாய் வைத்து, மேலே போனபின் அடைக்கும் வழி இருக்கிறது. இந்த ஒரு வரியை எழுதாமல் போய்ப் பணத்தை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

21. காட்டேஜ் ஜன்னல்ல தினமும் குருவி மோதி விழுது. பருந்து ஸ்டிக்கர் ஒட்டியும் நிக்கலை.

ஒற்றைப் பருந்தால் பயனில்லை. குருவி அதைச் சுற்றிக்கொண்டு பக்கத்துக் காலி இடத்தில் மோதும். கண்ணாடியில் தெரியும் சில்வர் ஓக் மரத்தையும் வானத்தையும் அது நிஜம் என்று நம்புகிறது. வெளிப்பக்கத்தில், கண்ணாடி முழுக்க, ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இல்லாமல் புள்ளியோ கோடோ இருந்தால் பறவை விலகிப் போகும். புதுக் கட்டடம் என்றால் புள்ளிகளைக் கண்ணாடியிலேயே சுட்டுப் பதிக்கலாம். நியூயார்க்கில் 2021-லிருந்து புதுக் கட்டடங்களுக்குப் பறவை மோதாத கண்ணாடி சட்டமே. ஏற்கெனவே போட்ட ஜன்னலுக்கு, மேலிருந்து அதே ஐந்து சென்டிமீட்டர் இடைவெளியில் கயிறுகளைத் தொங்கவிடுங்கள். செலவு நூறு ரூபாய்கூட ஆகாது. பார்வைக்குக் கொஞ்சம் இடைஞ்சல்தான், ஒரு வாரத்தில் கண் பழகிவிடும்.

22. ஸ்விட்ச் போட்டா வெள்ளையாகற கண்ணாடி பாத்ரூமுக்கு வேணும்.

நீங்கள் நினைப்பதற்கு நேர்மாறு: மின்சாரம் இருக்கும்போது தெளிவாகும், நிறுத்தினால் வெள்ளையாகும். நடுவில் இருக்கும் திரவப் படிகத் துளிகள் மின்சாரத்தில் ஒரே வரிசையில் நிற்கும், இல்லாதபோது கலைந்து ஒளியைச் சிதறடிக்கும். கரண்ட் போனால் மறைவாகிவிடும் என்பது நல்லதுதான். ஆனால் வெள்ளையாக இருந்தாலும் உள்ளே விளக்கு எரிந்தால் பக்கத்தில் நிற்பவரின் நிழலுருவம் தெரியும். அந்த விலைக்கு நல்ல மணலடித்த கண்ணாடியே மேல் என்பது என் அபிப்பிராயம்.

23. போர் தண்ணி பட்டு பாத்ரூம் கண்ணாடி வெள்ளை வெள்ளையா ஆயிடுச்சு.

சுண்ணாம்புப் படிவு. வினிகரையும் தண்ணீரையும் சம அளவில் கலந்து துணியில் நனைத்துப் பத்து நிமிடம் ஒட்டிவைத்துத் துடையுங்கள். ஆசிட் வேண்டாம், பித்தளையும் ஸ்டீல் பிடியும் கெடும். குளித்து முடித்ததும் ரப்பர் வைப்பரால் ஒரு இழுப்பு இழுத்தால் இந்தக் கேள்வியே வராது. வருடக்கணக்கில் விட்டுவிட்டால் கண்ணாடியே அரித்துப்போகும். அதற்குப் பிறகு எதைப் போட்டாலும் போகாது. அடுக்கிவைத்த புதுத் தகடுகளுக்கு நடுவில் மழைத்தண்ணீர் இறங்கினாலும் இதே கதிதான். ஏற்காட்டில் வேலை முடியும் வரை கண்ணாடியைத் தார்ப்பாய் போட்டு மூடாதீர்கள், உள்ளே வியர்க்கும். கூரைக்குக் கீழே, நடுவில் தாள் வைத்து, நிமிர்த்திச் சாய்த்து வையுங்கள்.

24. இவ்வளவு வேணாம்க்கா, எங்க வீட்டுக்கு எந்தக் கண்ணாடின்னு ஒரே வார்த்தையில சொல்லுங்க.

ஜன்னல் இருக்கும் இடத்தைக் காலை எட்டு மணிக்கு ஒரு போட்டோ, மதியம் ஒரு மணிக்கு ஒன்று, சாயங்காலம் நாலு மணிக்கு ஒன்று எடுங்கள். போன் திசைகாட்டியில் எந்தப் பக்கம் என்று குறியுங்கள். அகலம், உயரம், தரையிலிருந்து எத்தனை அடி, வீட்டில் சின்னக் குழந்தை உண்டா, இதையும் எழுதிக்கொள்ளுங்கள். எடுத்துக்கொண்டு வாருங்கள், பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். வண்ணக் கண்ணாடி பார்க்க வேண்டுமென்றால் காலையிலேயே வாருங்கள். பின்கட்டு ஜன்னல் கிழக்கே பார்த்தது, ஒன்பதரைக்கு மேல் வெயில் பக்கத்துக் கட்டடத்துக்குப் பின்னால் போய்விடும்.